கீச்... கர்ர்ர்... உங்கள் கார் பிரேக் என்ன சொல்கிறது?

சிக்னலில் கார் நிற்கப்போகிறது. நிற்பதற்கு முந்தைய நொடியில் ஒரு ‘கீச்ச்ச்’. பக்கத்து பைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். பின்சீட்டிலிருந்து பாட்டி, “என்னடா, வண்டி எலிக்குஞ்சு மாதிரி கத்துது?” என்கிறார். ஓட்டுகிறவர் பதில் சொல்லாமல் எஃப்.எம் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைக்கிறார்.

பெரும்பாலான வீடுகளில் பிரேக் சத்தத்துக்குக் கிடைக்கும் முதல் சிகிச்சை இதுதான். இரண்டாவது சிகிச்சை, ‘அடுத்த சர்வீஸ்ல சொல்லிக்கலாம்’. அந்த அடுத்த சர்வீஸுக்கும் இன்றைக்கும் நடுவில் ஓர் ஏற்காடு டிரிப்போ, கொல்லிமலை பயணமோ வந்துவிட்டால்தான் சிக்கல். ஐந்து பேர், டிக்கி நிறைய பைகள், இறக்கத்தில் வரிசையாகக் கொண்டை ஊசி வளைவுகள். அங்கே எஃப்.எம் உதவாது.

பிரேக் கத்தினாலே ஆபத்து என்று அர்த்தமில்லை. தானாகச் சரியாகிவிடும் சத்தங்கள் உண்டு. ஒரு வாரம் தரும் சத்தங்கள் உண்டு. அடுத்த தெருவுக்குக்கூட ஓட்டக் கூடாது என்று சொல்லும் சத்தமும் உண்டு. எது எது என்று பிரித்துப் பார்க்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை, காது போதும். ஆனால் ஒன்று மட்டும் முதலிலேயே தெளிவாக வேண்டும். சத்தத்தை நிறுத்துவது ஒரு வேலை, பிரேக்கைச் சரிசெய்வது வேறு வேலை. முதல் வேலையை மட்டும் செய்துவிட்டுப் பணம் வாங்கும் ஆட்களும் ஊரில் இருக்கிறார்கள்.

கத்துவது யார்?

நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின்சக்கரத்தில் டிரம் பிரேக். முன்னால், சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பேடுகள் இருபுறமும் இடுக்கி போலப் பிடிக்கின்றன. அந்த இடுக்கிதான் காலிப்பர். பின்னால், டிரம்முக்குள் பிறை வடிவில் இருக்கும் இரண்டு ஷூக்கள் விரிந்து உள்சுவரை அழுத்துகின்றன. பிரேக் மிதித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்வதால் முன்சக்கரங்களுக்குத்தான் வேலை அதிகம். அதனால் முன்பேடுகள்தான் முதலில் தேயும்.

பேடு டிஸ்க்கில் சீராக உரசாமல் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு நகரும்போது இரண்டும் அதிர ஆரம்பிக்கின்றன. அந்த அதிர்வுதான் ‘கீச்’. கரும்பலகையில் சாக்பீஸ் கத்துவதும், வயலின் தந்தியில் வில் ஒலி எழுப்புவதும் இதே கணக்குதான். என்ன, வயலினைக் கேட்கக் காசு கொடுப்போம். இதை நிறுத்தக் காசு கொடுக்கிறோம்.

இன்னொரு சத்தம் இருக்கிறது. அது தற்செயலாக வருவதில்லை. வர வேண்டும் என்றே வைத்திருக்கிறார்கள். புதுப் பேடில் தேயும் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அது தேய்ந்து 2, 3 மில்லிமீட்டருக்கு வரும்போது, பேடோடு சேர்த்துப் பொருத்தப்பட்ட ஒரு சின்ன ஸ்டீல் தகடு டிஸ்க்கைத் தொடும். தொட்டதும் காது கூசுகிற மாதிரி கீச்சிடும். ‘என்னை மாற்று’ என்பதற்கான அலாரம் அது. எல்லா பேடுகளிலும் இந்தத் தகடு இருக்காது. விலை கூடிய சில கார்களில் இதற்குப் பதில் சென்சார் இருந்து டேஷ்போர்டில் விளக்கு எரியும். பின்பக்க டிரம் ஷூவுக்குப் பொதுவாக இப்படி அலாரம் எதுவும் கிடையாது. டிரம்மைக் கழற்றிப் பார்த்தால்தான் அதன் நிலைமை தெரியும்.

எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது?

காலையில் வண்டியை எடுத்ததும் முதல் மூன்று, நான்கு பிரேக்குக்கு மட்டும் கரகரப்பு, பிறகு அமைதி. இது துரு. டிஸ்க் வெறும் வார்ப்பிரும்பு. மேலே பெயின்ட் கிடையாது. இரவு மழை, பனி, வாட்டர் வாஷ் எதுவானாலும் காலைக்குள் மெல்லிய பழுப்புப் படலம் படிந்துவிடும். சென்னை ஈ.சி.ஆர் பக்கத்திலும் தூத்துக்குடியிலும் கடலோரமாக நிறுத்தும் கார்களில் இது தினசரிக் கதை. பேடு நான்கு முறை உரசினால் போய்விடும். கவலை வேண்டாம்.

பிரேக் மிதிக்காமலே ‘சர்ர்ர்’ என்று ஒரு சுரண்டல். மண் ரோட்டில் போய் வந்த பிறகு ஆரம்பித்தது என்றால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகர மறைப்புக்கும் நடுவில் சின்னக் கல் மாட்டியிருக்கலாம். கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்தால் சில சமயம் விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றினால் ஐந்து நிமிட வேலை.

நாள் முழுக்க, ஒவ்வொரு பிரேக்குக்கும் கீச். இதற்கு ஒரு வாரத்துக்கு மேல் கெடு கொடுக்காதீர்கள். அலாரத் தகடாக இருக்கலாம். பேடின் மேற்பரப்பு சூட்டில் இறுகிக் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகியிருக்கலாம். காலிப்பர் பின்களில் கிரீஸ் காய்ந்திருக்கலாம். சில கார்களில் ஓடும்போது கீச்சிட்டு, பிரேக் மிதித்ததும் சத்தம் அடங்கும். ‘பிரேக் பிடிச்சா சத்தம் இல்லையே, அப்ப பிரேக்ல பிரச்னை இல்லை’ என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறைய பேர். தவறு. தேய்ந்த பேடின் தகடு அப்படியும் கத்தும்.

‘கர்ர்ர்’ என்று இரும்பும் இரும்பும் அரைபடும் சத்தம், கூடவே பெடலில் ஒரு நறநறப்பு. இதற்குக் கெடுவே கிடையாது. பேடில் தேய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. பின்னால் இருக்கும் ஸ்டீல் பிளேட் நேராக டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருக்கிறது. வண்டி நிற்கும் தூரம் கூடும், டிஸ்க் வீணாகும். ‘மெதுவா ஓட்டிட்டுப் போய் மெக்கானிக்கிட்ட விட்டுடறேன்’ என்பதைவிட மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பது, அல்லது வண்டியை டோ செய்வது நல்லது. செலவுக் கணக்கிலும் அதுதான் சரி. பேடு மட்டும் மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் பில், டிஸ்க்கும் போனால் மடங்குகளாகும்.

சத்தமே இல்லாத அறிகுறிகளும் உண்டு. 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால், டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், ஒரு பக்க காலிப்பர் சரியாக வேலை செய்யவில்லை. பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ, ஸ்பாஞ்ச் போல அமுங்கினாலோ, அந்த வண்டியை எடுக்காதீர்கள். திடீரென்று அழுத்தி மிதிக்கும்போது மட்டும் காலுக்கடியில் ‘டகடக’ என்று துடித்தால், அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது. பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. அழுத்தியபடியே இருக்க வேண்டும்.

வாயைக் கட்டும் வைத்தியங்கள்

“அண்ணே, சத்தம் வருது” என்று போய் நின்றால், சில இடங்களில் பேடைக் கழற்றி உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து, ஓரங்களை அரம் போட்டுச் சரித்து மாட்டிவிடுவார்கள். சத்தம் நின்றுவிடும். பேடில் போதுமான தடிமன் இருந்து, மேற்பரப்பு மட்டும் இறுகியிருந்தால் இது நியாயமான வைத்தியம்தான். 3 மில்லிமீட்டர் பேடுக்கு இதைச் செய்தால், மிச்சமிருப்பதையும் தேய்த்துவிட்டு அனுப்புகிறார்கள் என்று அர்த்தம்.

இதைவிட மோசமானது, கத்துகிற அந்த ஸ்டீல் தகட்டையே மடக்கிவிடுவது. புகை வந்ததும் கத்தும் அலாரத்தின் பேட்டரியைக் கழற்றிவைத்த மாதிரி. அடுத்து கேட்கப்போகும் சத்தம் நேரடியாக அந்த ‘கர்ர்ர்’தான்.

வீட்டிலேயே செய்யும் வைத்தியங்களில் எண்ணெய் ஸ்பிரே முதலிடம். கதவுக் கீல் கத்தினால் அடிக்கிற அதே ஸ்பிரேயைச் சக்கர இடுக்கு வழியாக பிரேக்கில் அடித்துவிடுகிறார்கள். கீல் வழுக்க வேண்டும். பிரேக் பிடிக்க வேண்டும். எண்ணெய் பட்ட பேடு பிடிக்காது. ஊறிப்போன பேடைச் சுத்தம் செய்து மீட்கவும் முடியாது, தூக்கிப்போட வேண்டியதுதான். பிரேக்கில் அடிக்கலாம் என்று தைரியமாகச் சொல்லக்கூடியது ‘பிரேக் கிளீனர்’ என்றே விற்கும் ஸ்பிரே மட்டும்தான்.

சத்தமே போடாத ஒரு ஏமாற்றும் இருக்கிறது; அது பிரேக் ஆயிலில். பேடு தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். பானட்டுக்குள் இருக்கும் டப்பாவில் அளவு குறையும். ஒரு கட்டத்தில் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். பெட்ரோல் பங்கிலோ பழக்கமான கடையிலோ ‘ஆயில் கம்மியா இருக்கு’ என்று ஊற்றிவிடுவார்கள். விளக்கு அணையும், மனசு நிறையும். பேடு தேய்ந்த செய்தியும் அதோடு அழிந்துபோகும். பிரேக் ஆயில் குறைந்திருந்தால் காரணம் இரண்டில் ஒன்று: பேடு தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. எது என்று பார்க்காமல் ஊற்ற விடாதீர்கள்.

130 வருடத் தலைவலி

இந்தப் பிரச்னை காருக்கு எவ்வளவு பழசு தெரியுமா? ஏறக்குறைய கார் வயசேதான். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், அவர் உருவாக்கிய மூன்று சக்கரக் காரில் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹெய்மிலிருந்து போர்ஷெய்மில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். வழியில் இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோனது. ஒரு செருப்புத் தைப்பவரிடம் வண்டியை நிறுத்தி, அந்தக் கட்டைகள் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் என்ற யோசனையின் தொடக்கமாக இந்தச் சம்பவத்தைத்தான் சொல்கிறார்கள். அம்மா வீட்டுக்குப் போகிற அவசரத்தில் பிறந்த கண்டுபிடிப்பு!

1902-ல் இங்கிலாந்தில் ஃபிரடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் வைத்தது செம்பு பேடு. வண்டி நின்றது, ஆனால் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. சில வருடங்கள் கழித்து ஆஸ்பெஸ்டாஸ் லைனிங் வந்த பிறகுதான் சத்தம் அடங்கியது. அந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலுக்கு எமன் என்று பின்னால் தெரிந்தது தனிக் கதை. இன்றைக்கும் பிரேக் தூசை ஏர் கன்னால் ஊதக் கூடாது, ஈரத்துணியோ பிரேக் கிளீனரோ பயன்படுத்த வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு: சென்னை பாடியில் 1962-ல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா, நாட்டின் பெரிய பிரேக் தயாரிப்பாளர்களில் ஒன்று.

மலையில் என்ன ஆகும்?

தேய்ந்த பிரேக் ஊருக்குள் ஓட்டும்போது பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. வேகம் குறைவு, பிரேக் ஆற நேரம் கிடைக்கிறது. மலை இறக்கத்தில் கதையே மாறும். வால்பாறை சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக். ஓடும் வண்டியின் மொத்த சக்தியையும் பிரேக் சூடாக மாற்றித்தான் வண்டியை நிறுத்துகிறது. 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்துவதைவிட 80-லிருந்து நிறுத்த நான்கு மடங்கு சூடு. தடிமனான பேடும் டிஸ்க்கும் அந்தச் சூட்டை ஓரளவு தாங்கும். தேய்ந்து மெலிந்த பேடில் சூடு சீக்கிரம் பின்னால் இருக்கும் பிரேக் ஆயிலுக்குப் போகும்.

ஆயில் பழசாக இருந்தால்தான் இங்கே வினை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கலாம். கொதித்தால் ஆவிக் குமிழி வரும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடலை மிதித்தால் கால் காற்றுக்குள் போகிற மாதிரி இறங்கும், வண்டி நிற்காது. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுக்க மாற்றச் சொல்வது இதனால்தான். சர்வீஸ் பில்லில் பலரும் ‘இது வேண்டாம்’ என்று அடிக்கும் வரியும் இதுதான்!

மலைப்பாதை டிரைவர்கள் காலங்காலமாகச் சொல்வது, ஏறின கியரிலேயே இறங்கு. இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம். காலைப் பிரேக்கிலேயே வைத்துத் தேய்க்காமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டுவிட வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் ‘டி’யிலேயே விடாமல் ‘எல்’ அல்லது மேனுவல் மோடில் குறைந்த கியரைத் தேர்ந்தெடுக்கலாம். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிற அப்பாக்கள், சித்தப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய கார்களில் கியரில் இறங்கும்போது இன்ஜினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடுகிறது, நியூட்ரலில்தான் செலவாகும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்கினால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிடும், ஸ்டீயரிங்கும் கனக்கும்.

இறங்கும்போது கருகல் வாடை வந்தால், பெடல் மெத்தென்று ஆனால், பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி அரைமணி நேரமாவது நிறுத்துங்கள். டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான இரும்பு கோணும், விரிசல் விடும். பிரேக் பிடிக்காமலே போய்விட்டால், பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கியராகக் குறைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். கடைசி வழியாக, பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவர் பக்கம் வண்டியை உரசவிட வேண்டும்.

வொர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

“பேடு போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்று மெக்கானிக் சொன்னால், தலையாட்டுவதற்கு முன் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: “பழைய பேடு நாலையும் கையில குடுங்கண்ணே, பார்க்கலாம்.” நேர்மையான மெக்கானிக்குக் கோபம் வராது.

நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருந்தால் இயல்பான தேய்மானம். ஒரே சக்கரத்தில் உள்பக்கப் பேடு தீர்ந்து, வெளிப்பக்கப் பேடு பாதி இருந்தால் காலிப்பர் நகரும் பின்கள் இறுகிவிட்டன. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் தேய்ந்திருந்தால் அந்தப் பக்க பிஸ்டனையோ பிரேக் ஹோஸையோ பார்க்க வேண்டும். ஒரே பேடு சரிவாகத் தேய்ந்திருந்தாலும் இதே ரகம்தான். காரணத்தை விட்டுவிட்டுப் புதுப் பேடு போட்டால் அதுவும் சீக்கிரமே அதே கோணத்தில் தேயும். மூன்று மாதத்தில் மறுபடி ‘கீச்’ என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கும். பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்கான சிலிக்கான் கிரீஸ் தடவுவது பெரிய செலவில்லை. ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். பேடின் பின்பக்கம் வரும் மெல்லிய ஷிம் தகடும் அவசியம்; அதிர்வை அடக்குவதே அதுதான். ‘இது தேவையில்ல சார்’ என்று கழற்றிப் போட விடாதீர்கள்.

பேடு மாற்றினால் இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். காசு மிச்சம் என்று ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் அவசர பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிஸ்க்கில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளக் கோடுகள் இருந்தால் லேத்தில் கொடுத்துக் கடையலாம். ஆனால் குறைந்தபட்ச தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அதற்குக் கீழே போகிற டிஸ்க் பழைய இரும்புக் கடைக்குத்தான். புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்டில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம். பேடும் ஷூவும் வேண்டாம். புதுசிலும் போலி உண்டு என்பதால் பில்லோடு வாங்குவது நல்லது.

முன்பக்கம் முடிந்ததும் பின் டிரம்மையும் திறக்கச் சொல்லுங்கள். தூசு சேர்ந்தாலே கீச்சிடும்; சுத்தம் செய்தால் போதும். வீல் சிலிண்டர் கசிந்து ஷூவில் ஈரம் தெரிந்தால் சிலிண்டரையும் ஷூவையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பல நாள் நிறுத்திவைக்கும் வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும். எலெக்ட்ரிக் கார்களில் மோட்டாரே பாதி பிரேக் வேலையைப் பார்த்துவிடுவதால் பேடு மெதுவாகத்தான் தேயும், ஆனால் உரசாத டிஸ்க்கில் துரு ஏறிக் கத்தும். அவ்வப்போது ஆளில்லாத ரோட்டில் நன்றாக அழுத்தி பிரேக் பிடித்துக்கொண்டால் சரியாகும்.

புதுப் பேடு போட்ட வண்டியைச் சாவி வாங்கியதும் கிளப்பாதீர்கள். நின்ற இடத்திலேயே பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். பிஸ்டனைப் பின்னால் தள்ளித்தான் புதுப் பேடு போட்டிருப்பார்கள். முதல் மிதி தரைவரை போகும். வொர்க்‌ஷாப் வாசலிலேயே முன்னால் நிற்கும் வண்டியில் இடித்தவர்கள் உண்டு. அடுத்த சில நூறு கிலோமீட்டருக்குப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகும்வரை லேசான சத்தமும் வாடையும் வரலாம், பிடிப்பும் கொஞ்சம் குறைவாக இருக்கும். அதுவரை மலைப்பயணம் வேண்டாம். மதிப்பாக 300 கிலோமீட்டர் ஓடிய பிறகும் கீச் தொடர்ந்தால், பில்லை எடுத்துக்கொண்டு அதே மெக்கானிக்கிடம் போய், பின்களுக்குக் கிரீஸ் வைத்தாரா, ஷிம் போட்டாரா என்று கேளுங்கள்.